மேகசின் கழற்றிய பிஸ்டல்

ஆறு ஓட்டை வழியாகவும் வெளிச்சம் தெரிந்தால்தான் எங்கள் வீட்டில் சோறு. கல்யாணமான புதிதில் நான் போட்ட சட்டம் அது. என் வீட்டுக்காரர் போலீஸ்காரர். ஒரு பெரிய மனிதருக்குக் கூடவே போகிற கன்மேன். இடுப்பில் எப்போதும் ரிவால்வர் இருக்கும். விடியற்காலையிலேயே கிளம்பி ஓட வேண்டிய வேலை என்பதால், அதை வீட்டுக்கே எடுத்துவர அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். கொடுத்த மகராசன் எங்கள் வீட்டை ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டான்.

ஸ்கெலட்டன் என்கிற எங்கள் பகுதியில் வரிசையாக நிற்கிற பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எங்களுடையது ஒன்று. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் தகரம் அடைத்த கொல்லை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரைச் சுவர் என்று சொல்வது மரியாதைக்குத்தான். மூங்கில் தட்டிமேல் மண்ணைப் பூசி, அதன்மேல் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்துக் கெட்டியானது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'நூறு வயசு' என்பார்கள். இந்த வீட்டுக்குள் அந்தத் துப்பாக்கிச் சனியன் ஒருநாள் யாரையாவது கொன்றுவிடும் என்று நான் பயந்தேன். சும்மா பயம் இல்லை. சாமி கும்பிடும்போதுகூட அதுதான் முன்னால் வந்து நிற்கும்.

அதனால்தான் அந்தச் சட்டம். வாசற்படியில் நின்றபடியே ரிவால்வரின் உருளையைத் திறந்து குண்டுகளை என் உள்ளங்கையில் கொட்டுவார். பிறகு வெறும் உருளையை லைட்டுக்கு நேராகப் பிடிப்பார். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆறு ஓட்டையையும் பார்ப்பேன். ஆறிலும் வெளிச்சம் தெரிந்தால்தான் உள்ளே விடுவேன். குண்டுகள் பரண்மேல் பிஸ்கட் டின்னுக்குப் போகும். ரிவால்வர் பீரோவுக்குப் போகும். சாவி என் இடுப்புக்கு வரும்.

"ஏன்மா, ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர்கூட என்னை இப்டி செக் பண்றதில்ல" என்று அவர் சிரிப்பார்.

"அவருக்கு இன்னா, அவர் வூட்டுக்கா எடுத்துக்கினு போறீங்க?" என்பேன்.

போன வருஷம் அந்தப் பெரிய மனிதருக்கு ஏதோ நிலத் தகராறில் மிரட்டல் வந்தது. உடனே மேலே இருந்தவர்கள் ரிவால்வரை வாங்கிக்கொண்டு புதிதாக ஒரு ஒன்பது எம்.எம். பிஸ்டலைக் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டுச் சரக்கு. கறுப்பாக, பிள்ளைகள் விளையாடுகிற பொம்மை மாதிரி இருந்தது. முதல் நாள் அவர் அதை வெளியே எடுத்தபோது நான் வழக்கம்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"இதுல ஓட்டையெல்லாம் கெடையாதும்மா" என்றார்.

"அப்ப இன்னாத்தைப் பார்க்கறது?"

கைப்பிடிக்கு உள்ளேயிருந்து ஒரு நீளப் பெட்டியை உருவினார். அதற்குப் பெயர் மேகசினாம். ரிவால்வரில் போடுகிறதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் குண்டுகள் அதற்குள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தன. "தோ, எல்லாம் இதுலதான் இருக்குது. இது வெளிய வந்துடுச்சுன்னா அது வெறும் இரும்பு" என்றார்.

"உள்ள ஒண்ணு மாட்டிக்கினு இருந்தா?"

"மேல இருக்கிற இந்தத் துண்டைப் பின்னால இழுத்து வுட்டாத்தான் ஒண்ணு உள்ள போவும். நான் இழுக்கறதே இல்ல. அவசரம்னா மட்டும்தான்." இழுத்தும் காட்டினார். உள்ளே காலியாக இருந்தது. முதல் சில நாட்கள் தினமும் இழுத்துக் காட்டினார். பிறகு அவருக்கு அலுத்துப்போனது. மேகசினை மட்டும் என் கையில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றுவார். எனக்கு மனசு ஆறவே இல்லை. குண்டுகள் என் கையில் இருக்கின்றனவே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவருக்கும் அந்தப் பிஸ்டல் பிடிக்கவில்லை என்பது போகப் போகத்தான் எனக்குத் தெரிந்தது. சர்வீஸ் பூராவும், குண்டின் அளவை வைத்து 'முப்பத்தெட்டு' என்று சொல்கிற அந்த ரிவால்வரோடு குடும்பம் நடத்தியவர். கைக்கு அது பழகிப்போயிருந்தது. புதியது வழுக்குகிறது என்றார். குறி பார்த்துச் சுடுகிற இடத்தில் அவருக்கு நடுவில் விழவில்லையாம். பழையதையே திருப்பிக் கேட்கலாமா, கேட்டால் பயந்தாங்கொள்ளி என்பார்களா என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யோசிப்பார். கையில் இருக்கிற ஆயுதத்தை நம்பாதவன் எப்படி உயிரோடு வீடு வந்து சேருவான்? அந்த இரண்டில் எது நல்லது என்று யாராவது ஒரு முடிவு சொன்னால் தேவலை என்று இருந்தது. அதனால் என் அண்ணனைக் கூப்பிட்டேன்.

என் அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். டாங்கியில் இருந்தவன். டாங்கிக்குள்ளே நீளத் துப்பாக்கி வைத்துக்கொள்ள இடம் இருக்காது என்று அவர்களுக்குப் பிஸ்டல்தானாம். இப்போது பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வீடு எங்கள் ஊரிலேயே பாலகாட் பக்கம். வேலைக்குப் போகிற காலை ரயிலில் அவன் ஏறினால் அந்தப் பெட்டியில் வேறு யாரும் பேச முடியாது. தொண்டை அப்படி. மெதுவாகப் பேசச் சொன்னால், "மெதுவாத்தானே பேசிக்கினு இருக்கறேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மார்கழிக் குளிர். நான் அவரைக்காய்க் கொட்டைகளை ஊற வைத்து, தரையில் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு என்றால் உயிர். வந்து உட்கார்ந்ததும், "எங்க மாப்ள, அந்தப் புதுப் பொண்ணைக் காட்டுங்க பார்ப்போம்" என்றான்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சாவியைக் கொடுத்தேன். பிஸ்டலை எடுத்து வந்து ஸ்டூல்மேல் வைத்தார். மேகசின் பரண்மேல் டின்னில் இருந்தது. முந்தின நாள் அவர் வந்ததும் நானே வாங்கி வைத்தது.

பேச்சு ஆரம்பித்தது. அய்யோ, என்ன பேச்சு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி.

அண்ணன் என் கூடையிலிருந்து தோல் உரிக்காத கொட்டை ஒன்றையும் பிதுக்கிய பருப்பு ஒன்றையும் எடுத்து உள்ளங்கையில் வைத்தான். "இது உங்க முப்பத்தெட்டு. இது ஒன்பது எம்.எம். பேருதான் வேற வேற. பருமன்ல ஒரு தோலு அளவுதான் வித்தியாசம். ஆனா முப்பத்தெட்டு மெதுவாப் போவும், ஒன்பது சர்ருனு போவும். வேகத்துலதான் எல்லாம் இருக்குது."

"வேகமாப் போயி இன்னா பிரயோஜனம் மச்சான்?" என்றார் இவர். "ஆளைத் துளைச்சுக்கினு அந்தாண்ட போய்டுது. பின்னால ஒரு குழந்தை நின்னா? நாங்க நிக்கறது சந்தையில, கல்யாண வூட்டுல. முப்பத்தெட்டு பட்டா உள்ளயே நின்னுடும். போலீசுக்கு அதான் சரி."

"எதிரி பெல்ட்டு, கோட்டு, பை எல்லாம் மாட்டிக்கினு வருவான் மாப்ள. பூந்து போவாட்டி அது எதுக்கு? உங்காளுங்க அந்தக் காலத்துலயே நிக்கறீங்க. ஆறு போட்டுட்டு, 'கொஞ்சம் இருப்பா, நான் ரொப்பிக்கறேன்'னு சொன்னா அவன் நிப்பானா?"

"ரிவால்வர் ஒண்ணு வெடிக்கலன்னா இன்னொரு தடவை அழுத்தினா அடுத்தது வந்து நிக்கும். இது மாட்டிக்கிச்சுன்னா இன்னா பண்றது? குலுக்கிக்கினு நிக்கணும்."

அண்ணன் ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்தான். "இது நாப்பத்தஞ்சு. வெள்ளைக்காரன் ஒருத்தன் வெச்சிருந்தான், கூட்டுப் பயிற்சிக்கு வந்தப்போ. குண்டு குண்டா இருக்கும். ஒண்ணு பட்டா ஆளு உக்காந்துடுவானாம். ஆனா கை பட்டுனு மேல தூக்கிடும். அடுத்ததைக் குறி வைக்கறதுக்குள்ள ஆயுசு போய்டும். அதான் ஊர் ஒலகமே ஒன்பதுக்கு வந்துடுச்சு."

நான் பிதுக்கி வைத்த பருப்பை வைத்துக்கொண்டு எது பட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டான், எது பட்டால் உட்காருவான் என்று இரண்டு பேரும் கணக்குப் போடுகிறார்கள். எதிரில் நிற்கிற அந்த ஆளுக்கும் ஒரு துப்பாக்கி இருக்கும் என்கிற நினைப்பு இரண்டு பேருக்கும் இல்லை. எனக்கு அந்த ஆளின் துப்பாக்கிதான் கண்ணில் தெரிந்தது. "போதும், நிறுத்துங்க. எதை வெச்சிக்கினா இவர் வூட்டுக்கு வருவாரு, அதை மட்டும் சொல்லு" என்றேன்.

"சொல்லிக்கினுதானே இருக்கறேன்!" என்று அண்ணன் கத்தினான்.

அப்போது சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. டொக், டொக்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் இருந்தார்கள். அந்தப் பெண் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னை அக்கா என்றும் என் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் கூப்பிடுவாள். ராத்திரி ஷிப்ட் முடித்து, ரயிலைப் பிடித்து வந்து, பகலில்தான் தூங்குவாள். அவள் கட்டில் அந்தச் சுவரை ஒட்டியே கிடக்கும். எங்கள் வீட்டில் சத்தம் அதிகமானால் இரண்டு தட்டு தட்டுவாள். நான் டி.வி.யைக் குறைப்பேன். எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவள் அம்மா அந்த வாரம் ஒரு சாவுக்காகக் குப்பம் ஊருக்குப் போயிருந்ததால் அவள் தனியாகத்தான் இருந்தாள்.

"பக்கத்துல புள்ள தூங்குது. மெதுவா பேசுண்ணா" என்றேன்.

"போலீஸ்காரன் வூட்டுச் சுவரையே தட்றாளா? இன்னா தைரியம்!" என்று அண்ணன் இன்னும் பெரிதாகச் சிரித்தான். அவன் வேடிக்கைக்குத்தான் சொன்னான். இவரும் சிரித்தார். மறுபடியும் டொக், டொக். இந்த முறை கொஞ்சம் பலமாக இருந்தது.

அண்ணன் பிஸ்டலைக் கையில் எடுத்து எடை பார்த்தான். எனக்கு உயிரே போனது. "அதைக் கீழ வைண்ணா" என்றேன்.

"அட, இன்னாமா நீ! மேகசின்தான் இல்லையே. மேகசின் இல்லாத ஒன்பது எம்.எம். செத்த பாம்பு. எங்க பிஸ்டல்ல அது ஒரு பாதுகாப்பு, தெரியுமா? மேகசினை உருவிட்டா ட்ரிகர் வேலையே செய்யாது. உள்ள குண்டே இருந்தாலும் செய்யாது. உங்க ரிவால்வர்ல உண்டா மாப்ள இந்த வசதி?"

"ரிவால்வர்ல குண்டைக் கொட்டிட்டா வேலை முடிஞ்சுது. இதெல்லாம் எதுக்கு?" என்றார் இவர். "வுடுங்க மச்சான், வெச்சிடுங்க."

"தோ பாரு, காட்டறேன்." எங்கள் யார் பக்கமும் திருப்பாமல், பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்த ஒழுங்கோடு, அண்ணன் சுவரைப் பார்த்துப் பிடித்தான். விரலை அழுத்தினான்.

வெடித்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காதுக்குள் ஆணி அடித்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் எதுவுமே கேட்கவில்லை. என் மடியில் இருந்த கூடை கவிழ்ந்து பருப்பெல்லாம் தரையில் ஓடியது. கரி மருந்து வாசனை வந்தது. அண்ணனின் வாய் அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் என்ன சொல்கிறான் என்று காதில் விழுந்தது. "செய்யக்கூடாதே... மேகசின் இல்லாம இது வேலை செய்யக்கூடாதே..."

அவனுடைய பட்டாளத்துப் பிஸ்டலில் செய்யாதுதான். இது வேறு பிஸ்டல். நம்பர் ஒன்றாக இருந்தால் புத்தியும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிட்டான். என் வீட்டுக்காரரோ ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "நேத்து கூட்டத்துல ஒருத்தன் குறுக்க பூந்தான்... அப்ப இழுத்தேன்... இழுத்துட்டு அப்டியே..." என்றார். முந்தின நாள் அவசரத்துக்கு இழுத்ததில் ஒரு குண்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து மேகசினை உருவிக் கொடுத்துவிட்டு, ரிவால்வரைக் காலி பண்ணின மாதிரியே நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். உள்ளே போன ஒன்று உள்ளேயே இருந்திருக்கிறது. ராத்திரி முழுக்க அது என் பீரோவில், என் புடவைகளுக்கு நடுவில் இருந்திருக்கிறது.

நான் சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து கட்டில் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு ஓட்டை இருந்தது. ஆளைத் துளைத்துக்கொண்டு அந்தாண்டை போய்விடும் என்று சற்று முன்தான் இவர் சொன்னார். இது மண்ணும் மூங்கிலும். இது எந்த மூலைக்கு?

தவழ்ந்தே சுவரண்டை போனேன். கையால் தட்டினேன். பதில் தட்டு வரவில்லை. மறுபடியும் தட்டினேன். உள்ளங்கையால் அடித்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் முன்னால்தானே தட்டினாள், இந்தச் சுவரில் இதே இடத்தில்தானே தட்டினாள்! ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரே இருட்டு. அந்தப் பக்கம் ஏதோ துணி அதை அடைத்துக்கொண்டிருந்தது. போர்வையா, அவள் போட்டிருந்த துணியா என்று தெரியவில்லை.

"போன் பண்ணுங்க" என்று கத்தினேன். இவர் பண்ணினார். சுவருக்கு அந்தப் பக்கம் போன் மணி அடித்தது. பாட்டு முழுவதும் பாடி நின்றது. யாரும் எடுக்கவில்லை.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தான். எதிரி பெல்ட்டு, கோட்டு என்று பேசிய வாயில் இப்போது எச்சில்கூட இல்லை. இவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. எந்தச் சாவுக்கோ, எந்த மேட்சுக்கோ வெடி போடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். "பாவிங்களா, ரெண்டு ஆம்பளைங்க இருந்து இன்னாத்துக்கு? வாங்களேண்டா!" என்று அழுதுகொண்டே திட்டினேன். கட்டின புருஷனை 'டா' போட்டது அன்றைக்குத்தான்.

அவள் வீட்டு முன்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. பின்பக்கம் ஓடினேன். கொல்லைத் தகரத்தை நகர்த்திக்கொண்டு போனதில் முழங்கை கிழிந்தது. சமையல்கட்டுக் கதவின் கொக்கியை வெளியிலிருந்து கத்தி விட்டுத் தூக்கலாம். அவள் அம்மா ஒருமுறை சாவியை உள்ளே வைத்துவிட்டு மாட்டிக்கொண்டபோது நாங்கள் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தது அது. கத்தி எடுத்துவரப் போகப் பொறுமை இல்லை. தாலியில் கோர்த்திருந்த சேப்டி பின்னைக் கழற்றி நெம்பினேன். அவசரத்தில் பின் இரண்டு முறை கீழே விழுந்தது. தேடி எடுத்து மறுபடியும் நெம்பினேன். கொக்கி தூக்கிக்கொண்டது.

உள்ளே இருட்டு. பகல் தூக்கத்துக்காக எல்லாத் திரையும் இழுத்துவிட்டிருந்தாள். சுவரை ஒட்டிக் கட்டில். கட்டில்மேல் மேடாக ஒரு கம்பளி. அதில் ஓட்டை. எதிர்ப்பக்கம் பீரோக் கதவில் இன்னொரு ஓட்டை. போன் தலையணைக்குப் பக்கத்தில் வெளிச்சம் காட்டிக்கொண்டு கிடந்தது.

நான் கம்பளியைத் தொடவில்லை. தொட முடியவில்லை. இவள் அம்மா வந்து கேட்டால் என்ன சொல்வேன்? சின்ன வெங்காயம், அவரைக்கொட்டை என்று சொல்வேனா? கடவுளே, இது மட்டும் வேண்டாம், என்னை எடுத்துக்கோ என்று வாய்விட்டுச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கம்பளியைப் பிடித்து இழுத்தேன். கனமே இல்லாமல் கையோடு வந்தது. அடியில் சுருட்டிய இன்னொரு போர்வையும் ஒரு தலையணையும் இருந்தன. அவள் இல்லை.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பினேன். நான் நுழைந்த சமையல்கட்டுக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் அவள் குறுகி நின்றிருந்தாள். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். இன்னொரு கையில் ஒரு பஞ்சு உருண்டையைக் கசக்கிப் பிடித்திருந்தாள். நான் அவளைத் தாண்டித்தான் உள்ளே வந்திருக்கிறேன். தட்டியும் சத்தம் குறையாததால், காதில் வைத்துக்கொண்டு தூங்கலாம் என்று பஞ்சு எடுக்க எழுந்து சமையல்கட்டு அலமாரிக்குப் போயிருக்கிறாள். அந்தப் பஞ்சுதான் அவளைக் காப்பாற்றியது.

"அய்யோ என் கண்ணு!" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினேன்.

அவள் பின்னால் போகப் பார்த்தாள். பின்னால் போக இடமில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, பஞ்சு இருந்த கையை முகத்துக்கு முன்னால் தூக்கினாள்.

"அக்கா, வேணாம்க்கா. இனிமே தட்ட மாட்டேங்க்கா. சத்தியமா தட்ட மாட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மெதுவாகப் பேசுங்கள் என்று அவள் இரண்டு தடவை தட்டியிருக்கிறாள். 'போலீஸ்காரன் வூட்டுச் சுவரையே தட்றாளா' என்று ஒரு ஆண் குரல் கேட்டிருக்கிறது. சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கிறது. அதற்கப்புறம் சுவர் வழியாகக் குண்டு வந்திருக்கிறது. அவளுக்கு அது பதிலாகத்தானே தெரியும்? நான் சுவரை அடித்து அடித்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, எங்கே நிற்கிறாள் என்று பார்த்து அடுத்ததைச் சுடத்தான் கூப்பிடுகிறேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாள்.

எவ்வளவோ சொன்னேன். அது தெரியாமல் வெடித்தது, அண்ணன் முட்டாள், நான் முட்டாள், என் வீட்டுக்காரர் பெரிய முட்டாள் என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "சரிங்க்கா, சரிங்க்கா" என்றாள். கண் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கையில் அந்தச் சேப்டி பின்தான் இருந்தது.

அண்ணன் இதை மூடி மறைத்துவிடலாம் என்றான். சுவரைப் பூசிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றான். என் வீட்டுக்காரர் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, பிஸ்டலையும் மேகசினையும் தனித்தனியாக ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் மன்னித்தேன். அவரை சஸ்பெண்ட் பண்ணினார்கள். விசாரணை வைத்தார்கள். இப்போது திரும்ப எடுத்துக்கொண்டு, ஆயுதமே தொடாத ஒரு ஆபீஸ் வேலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் இடுப்பில் ஒன்றும் இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. முப்பத்தெட்டா ஒன்பதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் அதோடு முடிந்தது. அண்ணன் வருவான். வந்தால் மெதுவாகத்தான் பேசுகிறான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு வீட்டு ஓட்டைகளையும் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணை எங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டு விசாரித்தார். நான் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்ன சொன்னாலும் நியாயம்தான், வேலையே போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தேன். அவளோ தலையைக் குனிந்துகொண்டு, "நான் நல்லா தூங்கிக்கினு இருந்தேன் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது. பயமெல்லாம் ஒண்ணும் இல்ல சார். அண்ணனும் அக்காவும் ரொம்ப நல்லவங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு பெரிய மனசு இந்தப் பெண்ணுக்கு என்று நினைத்தேன். மறுநாள் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்து, ஒரு தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்ல வேண்டும், கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழ வேண்டும் என்றுதான் போனேன்.

கதவைத் திறந்தாள். உள்ளே கட்டில் இடம் மாறியிருந்தது தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நான் சொன்னது சரியா இருந்துச்சாக்கா? அண்ணனுக்குக் கோவம் ஒண்ணும் இல்லையே?"

நான் கொண்டுபோன நன்றியை என்ன செய்வது என்று தெரியவில்லை. "இல்லமா, இல்ல. அவருக்கு உம்மேல இன்னா கோவம்?" என்றேன். "தேங்க்ஸ்க்கா" என்றாள். எனக்கே நன்றி சொன்னாள். தூக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

நான் திரும்பி நடந்தேன். அவள் கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்ட பிறகுதான், அந்தப் பக்கம் மெதுவாக, சத்தம் வராமல் இருக்கப் பார்த்துப் பார்த்து, அவள் தாழ்ப்பாள் போடுவது கேட்டது.